பொய்க்கடல்

கரோலினுக்கு மூளையும் வாயும் ஒரே வேகத்தில்தான் ஓடும். ஆனால் சில நாட்களில் வாய் இரண்டு எட்டு முந்திப் போய் நின்றுகொண்டு, மூளை வந்து சேரட்டும் என்று காத்திருக்கும். அந்தத் திங்கட்கிழமை காலையில் அப்படித்தான் ஆயிற்று.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து குமரகுருபரன் கணினித் திரையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு மேலதிகாரி. நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். குரலை உயர்த்தாதவர்கள் சொல்லும் கெட்ட செய்திதான் கூடுதலாக உறைக்கும்.

"கரோலின், நான் சுத்தி வளைக்கல. கோளாறு உங்க பெட்டிலதான். புது மெஷின்ல ஓட்டிப் பாத்தாச்சு. நாப்பது படகுல பாதிப் படகோட மெசேஜ் கரைக்கு வரவே இல்ல. வெள்ளிக்கிழமை மேனேஜ்மென்ட் மீட்டிங். பாளையங்கோட்டை ஆபீஸ மூடிட்டு எல்லாரும் சென்னைக்கு வரட்டும்னு எழுதி வெச்சிருக்கேன். பக்கத்துல இருந்தீங்கன்னா இந்த மாதிரி தப்பெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"பெட்டில கோளாறு இல்ல சார்."

"மெஷின் சொல்லுதே."

"மெஷின் பொய் சொல்லுது. வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிக்கேன். முடியலைன்னா நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம். ரூமப் பூட்டி, சாவிய நானே கொண்டுவந்து உங்க கையில தாரேன். முதல் ஆளா நான் சென்னைக்கு வாரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. அறையிலிருந்த எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. கரோலின் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

அந்த அலுவலகம் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் மாடி அறை. மத்தியான வேளையில் பிஸ்கட் வேகிற வாசனை ஏறி வந்து யாரையும் ஒழுங்காக வேலை பார்க்க விடாது. கரோலின் சென்னையில் ஆறேழு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இனி முடியாது என்று பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து, கம்பெனியோடு மல்லுக்கட்டி வாங்கிய அறை. கணவர் ஜாபேஸ் மிஷன் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு வேதியியல் வாத்தியார். நிரந்தர வேலை, அந்தப் பள்ளியை விட்டால் வேறு எங்கும் மாற்றல் கிடையாது. ஆகவே சென்னைக்குப் போவது என்றால் அவள் மட்டும் போவது, வாரக் கடைசியில் ரயிலில் வந்து முகம் காட்டுவது. பந்தயம் என்னவோ சாவியை வைத்துக் கட்டியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே இருந்தது இதுதான்.

பெட்டி என்பது கடற்கரை ஊரான உவரியின் மீன்பிடிப் படகுகளில் வைப்பதற்காக இவர்கள் செய்தது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போன் செத்துவிடும். பெட்டி சாகாது. படகுக்கு ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும். செய்தி பக்கத்துப் படகின் பெட்டிக்குப் போகும், அது அடுத்த படகுக்குக் கொடுக்கும், இப்படிக் கைமாறிக் கைமாறிக் கரையிலிருக்கும் கோபுரத்துக்கு வந்துவிடும். வாங்கிய பெட்டி 'வந்து சேர்ந்தது' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் சட்டென்று வராவிட்டால் அனுப்பிய பெட்டி திரும்பத் திரும்பக் கத்தும். அதன் உள்ளே ஓடும் புரோகிராமை எழுதியவன் சுஜின். உவரிக்காரன், அப்பாவுக்குச் சொந்தப் படகு இருக்கிறது.

நாற்பது படகுகளைக் கடலில் நிறுத்திச் சோதிப்பது நடக்கிற காரியமா? மீன்பிடிக்கப் போகிறவர்கள் நமக்காக அணிவகுத்து நிற்பார்களா? அதற்காகத்தான் கம்ப்யூட்டருக்குள்ளேயே நாற்பது படகையும் அலையையும் தூரத்தையும் கரோலின் உண்டாக்கி வைத்திருந்தாள். எமுலேட்டர் என்பது அதன் படித்த பெயர். சுஜின் அதற்குப் பொய்க்கடல் என்று பெயர் வைத்தான், அதுவே நிலைத்துவிட்டது.

இத்தனை நாளும் பொய்க்கடல் பழைய கம்ப்யூட்டரில் ஓடியது. மேசைக் கணினிகளில் காலங்காலமாக இருந்துவரும் வகைச் சிப் அது. அதில் நாற்பது படகும் ஒழுங்காகப் பேசின. போன மாதம் கம்பெனி புது மெஷின்கள் வாங்கியது. செல்போனுக்குள் இருக்கிறதே, ஏஆர்எம் என்று, அந்த வகைச் சிப். கரண்ட் குறைவு, விலை குறைவு. அதே பொய்க்கடலைப் புது மெஷினில் ஏற்றியதும் பாதிப் படகுகள் ஊமையாகிவிட்டன. குமரகுருபரன் சொன்ன நியாயத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. பெட்டிக்குள் இருப்பதும் அதே வகைச் சிப்தான். ஆகவே புது மெஷின் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கம், பழைய மெஷின் இதுவரை பெட்டியின் குறையை மூடி மறைத்திருக்கிறது என்பது அவர் கட்சி.

"அக்கா, நான் எழுதுன புரோகிராம்லதான் தப்பிருக்கும்போல" என்றான் சுஜின். முகம் செத்துப்போயிருந்தது. "நேத்தே அப்பாட்ட சொல்லிப் பெட்டியப் படகுலருந்து எறக்கி வச்சாச்சு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லது?"

"ஏலே, உங்க அப்பா படகுலயும் இன்னும் ரெண்டு படகுலயும் வச்சு நெசக் கடல்ல பாத்தோம்லா? எத்தன தடவ அமுக்குனோம்? ஒரு தடவயாவது தவறிச்சா?"

"மூணு படகு வேற, நாப்பது படகு வேறன்னு சார் சொல்லுதாரே."

"சார் சொல்லுதாரு, நீயும் தலைய ஆட்டு. நெசக் கடல்ல பேசுத பெட்டி பொய்க்கடல்ல பேசலைன்னா, பெட்டிய எதுக்குலே சந்தேகப்படணும்? கடலச் சந்தேகப்படு."

அவள் குரலில் ஒரு துளி நடுக்கம் இல்லை. கரோலினுக்குத் தன் கை மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அகம்பாவம் என்று சொல்பவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். நம்பிக்கை இல்லாமல் இந்த வேலையில் உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் முதலில் நம்மைத்தான் குற்றவாளி ஆக்கும்.

அவளுடைய முறை எளிமையானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதும் நோய் போனால் அதுதான் காரணம், போகாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடு. பொறுமை இல்லாதவர்கள் நாலைந்தைச் சேர்த்து மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் சாமி புண்ணியம் என்பார்கள்.

சுஜின் முதலில் எண்களின் அடுக்கு வரிசையைச் சந்தேகப்பட்டான். ஒரு பெரிய எண்ணை உள்ளே அடுக்கும்போது சில சிப்புகள் தலையிலிருந்து அடுக்கும், சில வாலிலிருந்து அடுக்கும். ஒன்று அடுக்கியதை மற்றது வாசித்தால் குழப்பம்தான். கரோலின் ஒரு சின்னச் சோதனை எழுதி இரண்டு மெஷினிலும் ஓட்டினாள். இரண்டுமே வாலிலிருந்துதான் அடுக்கின. அந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது. அடுத்தது கடிகாரம். இரண்டு மெஷினின் கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் ஓடின. அதுவும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் பிஸ்கட் வாசனை வந்த நேரத்தில் அவளுக்கு நல்ல யோசனை ஒன்றும் கூடவே வந்தது.

"சுஜினே, நாப்பது படகு எதுக்கு? ரெண்டே ரெண்டு படகு வையி. ஒண்ணு அமுக்கட்டும், ஒண்ணு வாங்கட்டும்."

"ரெண்டு படகுன்னா கூட்டமே இல்லையே அக்கா. தப்பு எப்படி வரும்?"

"வரக்கூடாதுல்லா? வருதான்னு பாப்போம்."

வந்தது. பழைய மெஷினில் கண்மூடித் திறப்பதற்குள் போன செய்தி, புது மெஷினில் கால் நொடி தங்கிவிட்டுப் போயிற்று. இன்னொரு தடவை ஓட்டினார்கள். அதே கால் நொடி. தூரத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், அலையை அடக்கினார்கள். அப்போதும் அச்சு மாறாமல் அதே கால் நொடி.

கதை அவளுக்கு இப்போது தெளிவாகிவிட்டது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கால் நொடி வீணானால், பதில் வரவில்லையே என்று பெட்டிகள் திரும்பத் திரும்பக் கத்துகின்றன. நாற்பது பெட்டியும் ஒரே நேரத்தில் கத்தினால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அதனால்தான் பாதிச் செய்தி காணாமல் போகிறது. பெட்டி நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. அதைத் தாமதப்படுத்துகிற ஏதோ ஒன்று பொய்க்கடலுக்குள் இருக்கிறது.

"சரியா எவ்வளவு நேரம்னு பாரு. கால் நொடின்னு மொத்தமா சொல்லாத."

சுஜின் திரையைப் பார்த்தான். "நொடிய ஆயிரம் பங்காப் பிரிச்சா அதுல எரநூத்தி அம்பத்தஞ்சு பங்கு அக்கா. எப்பப் பாத்தாலும் எரநூத்தி அம்பத்தஞ்சு."

கரோலின் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் பயந்துபோனார்கள்.

"லே, யாருன்னு தெரியலையா? இது மைனஸ் ஒண்ணுலே! வேஷம் போட்டு வந்திருக்கு!"

சுஜின் நெற்றியில் அடித்துக்கொண்டான். விஷயம் இதுதான். பைட் என்பது கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன டப்பா. அதில் மைனஸ் எண்ணும் வைக்கலாமா கூடாதா என்று எழுதுகிறவர் தெளிவாகச் சொல்லாமல் விட்டால், ஒவ்வொரு வகைச் சிப்பிலும் ஒவ்வொரு வழக்கம். பழைய வகையில் டப்பாவில் பாதி மைனஸுக்கு, பாதி பிளஸுக்கு. ஏஆர்எம் வகையில் மைனஸுக்கு இடமே கிடையாது, பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை எல்லாம் பிளஸ்தான். ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் எண்களைப் பூஜ்யத்திலிருந்து ஒன்று பின்னால் திருப்பினால் எல்லாம் ஒன்பதாக வந்து நிற்குமே, அதேபோல அங்கே வைத்த மைனஸ் ஒன்று உச்ச எண்ணாகிவிடும். அந்த உச்ச எண்தான் இருநூற்று ஐம்பத்தைந்து.

ஆகவே பொய்க்கடலில் எங்கோ யாரோ மைனஸ் ஒன்றை ஒரு பைட் டப்பாவுக்குள் போட்டிருக்கிறார்கள். கரோலினுக்குத் தன் கைவேலை நன்றாக ஞாபகம் இருந்தது. மைனஸ் ஒன்றை அவள் ஒரே ஒரு இடத்தில்தான் பயன்படுத்தினாள். கடல் மோசமாக இருக்கும் நாட்களைச் சோதிக்க, செய்தியை வேண்டுமென்றே மெதுவாக்கும் ஒரு எண் உண்டு. மைனஸ் ஒன்று என்று வைத்தால் 'மெதுவாக்க வேண்டாம், அப்படியே போகவிடு' என்று அர்த்தம். அதைப் பைட்டுக்குள் அல்ல, பெரிய இடத்தில்தான் வைத்திருந்தாள். அதற்கு 'பைய' என்று பெயர் வைத்திருந்தாள். வேறு என்ன பெயர் வைப்பது? மெதுவாகப் போ என்பதற்குப் பைய போ என்றுதானே பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறாள்? அனுப்புகிற படகு 'இங்கன', வாங்குகிற படகு 'அங்கன', தாமதம் 'பைய'. ஆங்கில எழுத்தில் எழுதிய அசல் நெல்லைத் தமிழ்.

புரோகிராம் முழுக்க 'பைய' என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை.

"என் பையயக் காணும்" என்றாள்.

"பையையா? நேத்து ஸ்கூட்டர்ல மாட்டிட்டுப் போனீங்களே" என்றான் சுஜின், குனிந்த தலை நிமிராமல்.

கரோலின் அவனைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் போனை எடுத்தாள். போன கிறிஸ்துமஸ் லீவில் இவர்கள் எல்லாரும் கேக்கும் கையுமாக இருந்த வாரத்தில், குமரகுருபரன் தானாகவே உட்கார்ந்து பொய்க்கடலின் பெயர்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி, சுத்தமான ஆங்கிலத்தில் மாற்றினார். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். ஒரு பெயரை ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும் வசதி இருப்பதால், மாற்றுகிறவர் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்க்க வேண்டியதில்லை. வந்து பார்த்தபோது எல்லாம் ஓடியது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"சார், ஒரே ஒரு கேள்வி. 'பைய'ன்னு ஒரு பேரு இருந்துச்சே, அத என்னவா மாத்துனீங்க?"

"பைய... ஆமா, ஞாபகம் இருக்கு. பஃபர்னு மாத்துனேன். பை. மெசேஜ் எல்லாம் போட்டு வெக்கிற பை. கரெக்டாதான மாத்திருக்கேன்?"

"அதுல மைனஸ் ஒண்ணு இருந்துச்சே சார்."

"அளவில்லாத பைன்னு எடுத்துக்கிட்டேன். பையோட அளவுதான, சின்ன நம்பர், எதுக்கு அவ்வளவு இடம்னு ஒரு பைட்டுல அடக்கிட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

கரோலின் மூச்சை இழுத்து விட்டாள். கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"திருநெல்வேலி டவுன்தான். உங்களுக்குத் தெரியுமே. காலேஜ் முடிச்சதும் சென்னைக்கு வந்துட்டேன், இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சின்னப் பிள்ளைல நீங்க ஓடும்போது உங்க வீட்டுல என்ன சொல்லிச் சத்தம் போடுவாங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பைய போலே" என்றார் குமரகுருபரன். கொஞ்சம் பொறுத்து, "கீழ விழுந்துராத" என்றும் சொன்னார்.

"அந்தப் பையதான் சார். இருநூத்தம்பத்தஞ்சாயிட்டு."

அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்தான். "சரி, சரி செஞ்சுட்டு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எண்ணைப் பெரிய இடத்துக்கு மாற்றுவதற்கு ஒரு வரிதான். பெயரைத் திரும்ப வைப்பதற்கு ஒரு தட்டு. புது மெஷினில் நாற்பது படகையும் இறக்கி, நாற்பது சிவப்புப் பொத்தானையும் அமுக்கவைத்தார்கள். நாற்பதும் கரைக்கு வந்தன. பழைய மெஷினிலும் நாற்பது. சுஜின் மறுபடி மறுபடி ஓட்டினான். சரியாக இருப்பதை நம்ப அவனுக்கு நேரம் பிடித்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். "எப்பா, பெட்டியத் திரும்பப் படகுல மாட்டுங்க. மாட்டுங்கன்னு சொல்லுதேம்லா!" என்று அவன் போட்ட சத்தத்தில் கீழே பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் கரோலின் வாயைத் திறக்க வேண்டியே வரவில்லை. ஒரு நேரம் திறக்கத்தான் நினைத்தாள், நாலைந்து நல்ல வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன. அதற்குள் குமரகுருபரனே பேசிவிட்டார். எங்கே தப்பு, யார் செய்தது, ஏன் இரண்டு சிப்பில் இரண்டு விதமாகத் தெரிந்தது என்று ஒன்றையும் மறைக்கவில்லை.

"அந்த வார்த்தைக்கு அப்ப என்னதான் அர்த்தம்?" என்று கேட்டார் நிர்வாக இயக்குநர் அம்மா.

"மெதுவான்னு அர்த்தம் மேடம். நான் பொறந்த ஊர் வார்த்தை. நானே தப்பாப் படிச்சிட்டேன். பாளையங்கோட்டை ஆபீஸ மூடணும்னு எழுதினதத் திரும்ப வாங்கிக்கறேன். இனிமே எந்த மாற்றமும் ரெண்டு வகைச் சிப்லயும் ஓட்டாம வெளிய போகாது. அந்தச் சோதனைய அவங்களே அங்கருந்து பாத்துக்கட்டும்."

தோற்றவர் இவ்வளவு மரியாதையாகத் தோற்றால் ஜெயித்தவருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கரோலின் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களை விழுங்கிவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

சாயங்காலம் ஜாபேஸின் பைக் ஒர்க்ஷாப்பில் கிடந்ததால், அவரைக் கூட்டிவர அவளே ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போனாள். விஷயத்தைப் போனில் சொல்லாமல் நேரில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு போனாள். வாசலில் தலைமையாசிரியர் வேதநாயகம் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

"வாம்மா. உன்னையத்தான் பாக்கணும்னு இருந்தேன். இந்த ஜாபேஸுக்குக் கொஞ்சம் நீ எடுத்துச் சொல்லப்படாதா? இப்படித் திடீர்னு சம்பளமில்லா லீவுல போறேன், ஒரு வருஷம் வேணும்னு நிக்காரே. பிளஸ் டூ பிள்ளைகள யாரு பாக்கது?"

"எப்ப கேட்டாரு சார்?"

"செவ்வாக்கெழம. சென்னைல வீடு பாக்கணும், அவ தனியா இருந்துக்கிட மாட்டான்னு சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு செஞ்சிருப்பீகன்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை இரவு சாப்பிடும்போது பந்தயத்தைப் பற்றி ஜாபேஸிடம் கரோலின் சொன்னதென்னவோ உண்மைதான். ஏதோ கடையில் நடந்த வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜாபேஸ் சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் நிற்பதையும் இவள் முகத்தையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஜெயிச்சாச்சு" என்றாள் கரோலின். வழியெல்லாம் பொத்தி வைத்திருந்த செய்தி இப்படி ஒற்றைச் சொல்லாக விழுந்தது.

"தெரியும். நீ ஜெயிப்பன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப எதுக்கு லீவு கேட்டீங்க?"

"ஒருவேள தோத்துட்டன்னா? அப்புறம் போய்க் கேட்டா குடுக்கணும்லா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"சொன்னா உன் வேல ஓடுமா? நானும் நம்பலன்னு நெனச்சிருவ. ரெண்டாவது, நீ மட்டும் எங்கிட்ட கேட்டுட்டா பந்தயம் கட்டுன?"

அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதுதான் அவளைத் தாக்கியது. இந்த வாரம் முழுக்க அவளுக்குக் கை நடுங்கவில்லை, குரல் நடுங்கவில்லை, ஒரு வேளைச் சாப்பாடு குறையவில்லை. தன்னுடையதை வைத்துத்தானே ஆடுகிறோம் என்று இருந்தாள். அந்தப் பள்ளியில் அவர் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததையும் தூக்கி அதே மேசையில் வைத்திருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஜெயித்து முடித்த பிறகு அவளுக்குப் பயம் வந்தது. சாவிக்கொத்திலிருந்த வீட்டுச் சாவியை ஸ்கூட்டர் துவாரத்தில் வைத்துத் திருகப் பார்த்தாள்.

ஜாபேஸ் சாவியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் ஓட்டுதேன். நீ பின்னால ஏறு."

அவள் ஏறவில்லை. "மொதல்ல லீவு வேண்டாம்னு சார்ட்ட சொல்லிட்டு வாங்க" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. தலைமையாசிரியர் பார்க்கிறாரே என்று அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.